ஒரு நாள் தறி நிற்கணும்

கார்த்திகை 7, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். புயல் புயல் என்று டி.வி.யில் பயமுறுத்தியதுதான் மிச்சம். தறிக்குழியில் ஈரம் ஏறிவிட்டது. இவர் கோணிப்பையை மடித்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். பாவு இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வந்தது. முணுமுணுத்துக்கொண்டே எழுந்துவிட்டார். எனக்கு நல்லதாகப் போயிற்று, கரை கோக்கிற கோர்வைக்கு உட்கார வேண்டாம். கல்யாணம் ஆனதிலிருந்து அந்தப் பக்கத்துக் கரைக்கு நூல் ஓட்டும் நாடா தள்ளுவது நான்தான். நான் உட்காராவிட்டால் இவருக்கு ஒரு முழம் ஏறாது. இதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை மனிதர்.

ரேஷன் பாமாயில். கேஸ் புக் பண்ணணும். இவர் செருப்பு தைக்கக் கொடுக்கணும்.

மத்தியானம் மும்தாஜ் அக்கா தையல் கடை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எங்கள் கூட்டம். தெருவில் இதற்குப் ‘புள்ளையப் பறிகொடுத்தவங்க சங்கம்’ என்று பெயர். வைத்தவர்கள் யார் என்று தெரியும். இருக்கட்டும். இன்று நான், அக்கா, லதா டீச்சர், ஓரிக்கையிலிருந்து வரும் அந்தப் புருஷன் பெண்டாட்டி. அந்த ஆள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. போண்டா மட்டும் சாப்பிடுகிறார். ஆனால் ஒரு வாரம்கூட தவறியதில்லை.

சட்டம் பழைய சட்டம்தான். “அடுத்தது பொறக்கும்” என்று யார் சொன்னாலும் டீ கிளாஸ் கழுவ வேண்டும். இன்று டீச்சர் மாட்டினார். “எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னதத்தாம்மா சொன்னேன், நானா சொன்னேன்?” என்று வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. கழுவினார்.

கிளம்பும்போது ஹெல்த் சென்டர் நர்ஸ் போன். பிள்ளையார்பாளையத்தில் ஒரு பெண். பெயர் தீபா, தலைச்சன் பிள்ளை. நிறைமாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. பால் கட்டிக்கொண்டு துடிக்கிறாள், வீட்டில் யாருக்கும் அக்கறை இல்லை. அக்கா என்னைப் பார்த்தார். டீச்சர் என்னைப் பார்த்தார். ஏன், நான்தான் நேர்ந்துவிட்டவளா என்று கேட்டேன். ஆனால் நான்தான் போவேன் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கார்த்திகை 8, திங்கள்

தூறல் விட்டுவிட்டது. வெயில் இல்லை.

கார்த்திகையில் மல்லி குதிரைக்கொம்பு. பெரிய கோயில் வரைக்கும் போய்த்தான் கிடைத்தது. பூக்காரம்மா, “யார் ஊட்ல விசேஷம்மா, இவ்ளோ வாங்கற?” என்றார். தலைக்கு இல்லை, பால் வற்றக் கட்டுவதற்கு என்றேன். அளந்துகொண்டிருந்த கை நின்றது. இன்னொரு முழம் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

தீபா வீட்டில் மாமியார்தான் கதவு திறந்தார். நர்ஸ் சொல்லி வந்தேன் என்றதும் உள்ளே விட்டார். காபி கொடுத்தார். கெட்ட மனுஷி என்று சொல்ல வாய் வரவில்லை, அப்போதைக்கு.

பெண்ணை வைத்திருப்பது அரிசி மூட்டை போடும் அறையில். பாய், தலைகாணி, தனித் தட்டு, தனி டம்ளர். பிள்ளைத்தீட்டாம். கதவுகூட இல்லை, ஒரு பழைய புடவைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் தறி. ஓடிக்கொண்டிருந்தது.

ஊர் தாமல். அம்மா இல்லை. பிரசவம் அண்ணன் வீட்டில். பிள்ளை போனதும் அண்ணனே ஆட்டோ வைத்து இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அண்ணி முழுகாமல் இருக்கிறாளாம். “மாசமா இருக்குற பொம்பள மூஞ்சில நான் முழிக்கக் கூடாதாம் அக்கா” என்றாள் தீபா. அழவில்லை. பரீட்சை மார்க் சொல்லுகிற மாதிரி சொன்னாள்.

பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டேன். வாடினதும் மாற்றச் சொன்னேன். காய்ச்சல் வந்தாலோ, ஒரு பக்கம் சிவந்து கல்லாட்டம் ஆனாலோ உடனே ஆஸ்பத்திரி, பூவை நம்பிக்கொண்டு கிடக்காதே என்றும் சொன்னேன். எனக்கு இதையெல்லாம் சொல்ல அன்றைக்கு ஒரு நாதி இல்லை. சட்டை நனைய நனைய நான்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, அந்தச் சத்தம்.”

“தறிச் சத்தமா?”

“அன்னிக்கே ஓட்டுனாங்கக்கா. காலைல எங்க ஊட்டுக்காரரு பொதைச்சுட்டு வந்தாரு, சாப்டாரு, உக்காந்து நெய்ய ஆரம்பிச்சிட்டாரு. அண்ணன் வுட்டுட்டுப் போன அன்னிலேந்து இங்க படுத்துக்கினு கேக்கறேன். ஒரு நாளு நிறுத்தச் சொல்லுங்கக்கா. ஒரே ஒரு நாளு. எம் புள்ளைக்காக நின்னுச்சுன்னு இருக்கட்டும்.”

சொல்கிறேன் என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியாது. சொல்லியாயிற்று.

கார்த்திகை 10, புதன்

போனேன். கேட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மகன் சுரேஷ் தறியில். மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். “பெரிம்மா, ஒரு நாள் தறிய நிறுத்தினா அந்தப் பொண்ணு கொஞ்சம் தேறும்.”

“எதுக்கு நிறுத்தணும்?”

“புள்ள செத்திருக்குதே.”

“பேர் வெக்காத புள்ளைக்கு ஏதும்மா சாவுத் தீட்டு? எந்த ஊர்ல பாத்த? பெரியவங்க போனா நிறுத்துவோம். இது மூச்சே வுடல. பொறந்தாத்தானே செத்துச்சுன்னு சொல்ல.”

“அப்ப தீபாவ ஏன் அந்த ரூம்ல ஒதுக்கி வெச்சிருக்கீங்க?”

“அவ பெத்தவ. பிள்ளைத்தீட்டு உண்டு இல்ல. தறிகிட்ட வரக்கூடாது, அடுப்பாண்ட வரக்கூடாது. சாமி மாதிரி வெச்சிருக்குறோம் தறிய.”

நன்றாகக் கேட்டுக்கொண்டேன். பெற்றவளுக்குத் தீட்டு உண்டு. ஆனால் பிள்ளை பிறக்கவில்லை. அப்படியானால் இவள் எதைப் பெற்றாள்? கேட்டேவிட்டேன். முறம் தரையில் விழுந்தது. விழவில்லை, போட்டார்.

“நீயே பறிகுடுத்தவ. இங்க வந்து எம் மருமவ மனசக் கெடுக்காத. இனிமே இந்த வாசப்படி மிதிக்காத.”

சுரேஷ் தலை நிமிரவில்லை. நாடா போய் வந்து போய் வந்து. திரைக்குப் பின்னால் தீபா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

திரும்பும் வழி முழுக்க மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். நல்ல நல்ல பதிலெல்லாம் பஸ் ஸ்டாண்டு தாண்டிய பிறகுதான் வருகிறது. ரேஷன் கடை மூடியிருந்தது. பாமாயில் வாங்கவில்லை.

கார்த்திகை 11, வியாழன்

வெயில். பாவு நன்றாக ஓடுகிறது. மெரூன் புடவை, பச்சைக் கரை. முகூர்த்தப் புடவை, முதலாளி தினம் போன் பண்ணுகிறார். இவர் போனில் காதுப் பக்கம் கெட்டுப்போய்விட்டது, எல்லாம் ஸ்பீக்கரில்தான். “குமாரு, கல்யாண பார்ட்டி உசுர வாங்கறாங்கப்பா.” “ஆயிடும்ணா, ஆயிடும்ணா.” தெருவுக்கே கேட்கும்.

கோர்வையில் உட்கார்ந்துகொண்டே நேற்று நடந்ததைச் சொன்னேன். இவர் பதில்: “ஊரான் ஊட்டுத் தறி ஓடனா என்னா, நின்னா என்னா? உனக்கு எதுக்கு?”

நாடாவை வேண்டுமென்றே மெதுவாகத் தள்ளினேன். காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும்.

நினைவு தெரிந்து எங்கள் தறி எதற்கெல்லாம் நின்றது? அமாவாசைக்கு. பொங்கலுக்கு. தேருக்கு. குழியில் தண்ணீர் வந்தால். இவருக்கு வைரஸ் காய்ச்சல் வந்தபோது. எதிர்வீட்டுப் பெரியவர் போனபோது, பங்காளிகூட இல்லை, பாடை தெருமுனை திரும்பும்வரை. கவுன்சிலர் மாமனாருக்கு. ஒருதரம் எலி கடித்து இழை அறுந்தபோது.

எலிக்கு நின்றிருக்கிறது.

என் பெண்ணுக்கு நிற்கவில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இங்கே என் இடத்தில் இவர் அண்ணியை உட்காரவைத்துக் கோர்வை ஓட்டினார்கள். ஆட்டோவில் வந்து இறங்குகிறேன், தெருமுனையிலேயே கேட்கிறது, எங்கள் வீட்டுச் சத்தம் எனக்குத் தனியாகத் தெரியும். இவரிடம் இதைப் பற்றி நான் கேட்டதே இல்லை. இவரும் சொன்னதில்லை. தீபா ஒரே வாரத்தில் கேட்டுவிட்டாள். சின்னப் பெண், என்னைவிடத் தேவலை.

சாயங்காலம் தோசை. இவர் நான்கு சாப்பிட்டார். கோபம் எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

கார்த்திகை 14, ஞாயிறு

கூட்டம். மும்தாஜ் அக்கா பேரனுக்குப் பல் முளைத்திருக்கிறது, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். சொல்லுங்கள் அக்கா, நாங்கள் என்ன பேயா என்றேன். எல்லோரும் சிரித்தோம். ஓரிக்கை ஆள்கூட.

தீபாவை வெளியே விடமாட்டார்கள். போனில் வந்தாள். ஸ்பீக்கரில் போட்டு மிஷின் மேல் வைத்தோம். பின்னால் தறி. டக், டக். அவள் பேசுவதைவிட அது நன்றாகக் கேட்டது. டீச்சர் தன் பையனைப் பற்றிச் சொன்னார், ஒரு வாரம் இருந்தான், கட்டை விரலைப் பிடித்துக்கொண்டான் என்று. எத்தனையோ தரம் கேட்ட கதை. தீபா அதை முதல் தரம் கேட்டாள். அதனால் எங்களுக்கும் புதிதாக இருந்தது.

பிறகு, என்ன செய்யலாம். டீச்சர்: சுரேஷைத் தனியாகப் பார்த்துப் பேசலாம். அக்கா: நர்ஸை விட்டுச் சொல்லச் சொல்லலாம். ஓரிக்கைப் பெண்: விட்டுவிடலாம், காலம் போனால் சரியாகும். (கிளாஸ் கழுவும் சட்டத்தில் இதையும் சேர்க்க வேண்டும்.)

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், “எதுக்கு இவ்ளோ கஷ்டம்? தீபா, நீ தீட்டோட இருக்க இல்ல. நீ போயி தறிமேல கைய வெச்சா போதும். அவங்க சட்டப்படியே நின்னுடும்” என்றேன். தமாஷாகத்தான்.

யாரும் சிரிக்கவில்லை. போனில் தறிச் சத்தம் மட்டும்.

“வெளையாட்டுக்குக்கூட சொல்லாத வசந்தி” என்றார் டீச்சர். “நீ சொல்லிட்டு ஊட்டுக்குப் போயிடுவ. அடி வாங்கப் போறது அந்தப் பொண்ணு.”

“அரே, அவ ஒண்ணும் செய்ய மாட்டா, பயந்த பொண்ணு” என்றார் அக்கா.

போன் கட்டாகிவிட்டது. சார்ஜ் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டோம். கிளாஸ் கழுவியது நான், யாரும் சொல்லாமலேயே.

கார்த்திகை 16, செவ்வாய்

எழுதியே ஆக வேண்டும்.

காலையில் உலை வைத்துவிட்டுக் கோர்வைக்கு உட்கார்ந்தேன். போன். தீபா.

“அக்கா, தொட்டுட்டேன்.”

“எதடி?”

“தறிய. பாவு மேல ரெண்டு கையும் வெச்சேன். அவரு குழில உக்காந்துக்கினு என்ன பாத்துக்கினே இருந்தாரு. எடுக்கல நானு. அத்தே கத்தறாங்க. வாங்கக்கா.”

அடுப்பை அணைத்தேன். இவர், “எங்க போற? கரை யார் போடுவா?” என்றார். நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். தெருமுனையில் மும்தாஜ் அக்கா ஸ்கூட்டி. தீபா அவருக்கும் போன் பண்ணியிருக்கிறாள், கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு வந்திருக்கிறார். “நீ வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கக் கூடாதா” என்று வழி முழுக்கத் திட்டினார். ஸ்பீடை மட்டும் குறைக்கவில்லை.

தீபா வீட்டுத் தெருவில் இறங்கியதும் முதலில் தெரிந்தது, சத்தம் இல்லை. மற்ற வீட்டிலெல்லாம் ஓடுகிறது. அந்த வீட்டில் இல்லை.

வாசலில் பத்துப் பேர். மாமியார் தலையில் கை. “பட்டுத் தறியத் தீட்டாக்கிட்டாளே பாவி. முகூர்த்தப் புடவைடி அது.” ஐயருக்குப் போன் பண்ணியிருக்கிறார்கள், புண்ணியதானம் செய்து தீட்டுக் கழிக்க. அவர் ஒரு கும்பாபிஷேகத்துக்குப் போயிருக்கிறாராம், நாளைக் காலையில்தான். நல்ல ஐயர். நீண்ட ஆயுசோடு இருக்கட்டும்.

மாமியார் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். “நீதாண்டி சொல்லிக் குடுத்த.”

“ஆமா, நான்தான் சொன்னேன்.”

இல்லை என்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். கூட்டத்தில் யாரோ, “பாரு திமிர” என்றார்கள். திமிர்தான். எங்கிருந்து வந்ததோ, வந்தது.

“பெரிம்மா, நீங்க சொன்ன கணக்குத்தான். புள்ளையே பொறக்கலன்னா இவளுக்கு ஏது தீட்டு? அப்ப தறிய ஓட்டுங்க, யாரு வேணான்னா? இல்ல, இவ தொட்டது தீட்டுன்னா, இவ புள்ளையப் பெத்திருக்கா. அது செத்திருக்குது. அப்ப அந்தப் புள்ளைக்கும் ஒரு நாளு தறி நிக்கணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

மாமியார் என்னை விட்டுவிட்டு உள்ளே திரும்பினார்.

“டேய் சுரேசு, மஞ்சத் தண்ணி தெளிச்சுடறேன், நீ உக்காருடா. ஐயருக்கெல்லாம் காத்துக்கினு இருக்க முடியாது.”

சுரேஷ் தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். “ஐயர் வரட்டும்மா.”

“பொழுது போவுதுடா.”

“வரட்டும்னு சொல்றன் இல்ல.”

அவ்வளவுதான் சொன்னான். எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான். குழியிலிருந்த கோணியைக்கூட எடுத்து உதறிக் கொடியில் போட்டுவிட்டான். அதற்குப் பிறகு மாமியாரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

நாங்கள் உள்ளே போனோம். யாரும் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவில்லையோ என்னவோ. அக்கா வாசற்படியில் தயங்கி, “நான் வந்தா அதுக்கு ஒரு தீட்டுன்னுவாங்களோ” என்றார். “சேத்துக் கழுவிடுவாங்க, வாங்க” என்றேன்.

தீபா மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை இரண்டையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு. என்ன பேசினோம் என்று ஞாபகம் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாள். வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு. பிரசவத்திலிருந்து ஒழுங்காகத் தூங்கவே இல்லையாம். அக்கா அவள் காலைப் போர்த்திவிட்டார். எங்களுக்கு எழுந்து வர மனம் இல்லை. அந்த அமைதியில் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

வெளியே வரும்போது சுரேஷ் திரைக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தான். “சாப்ட்டாளா?” என்று கேட்டான். “நீ போயி கேளு” என்றேன்.

வீட்டில் இவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சோறு குழைந்துபோயிருந்தது. இரண்டு பேரும் அதையே சாப்பிட்டோம்.

கார்த்திகை 17, புதன்

குழாயடி. நான் நிற்பது தெரிந்தேதான் பேசினார்கள்.

“தீட்ட வெச்சிக்கினு தறியத் தொட்டவளுக்கு இவங்க சப்போர்ட்டாம்.”

“புள்ள தங்காதவளுங்க நாலு பேரு ஒண்ணா சேந்தா வேற என்னா நடக்கும்?”

குடத்தைக் கீழே வைத்தேன். “என்னா நடக்கும்னு பாத்துக்கினே இருங்க. இன்னிக்கு நாலு பேரு, நாளைக்கு எட்டு ஆவோம்.”

சொல்லிவிட்டு வந்தேனே தவிர, பாதி வழியில் உறைத்தது. எட்டு ஆக வேண்டாம். சாமி, எட்டு ஆகவே வேண்டாம். இந்தக் கூட்டத்துக்கு ஒருத்தியும் புதிதாக வரக் கூடாது. என் வாய்க்குப் பூட்டுதான் போட வேண்டும்.

மத்தியானம் தீபா போன். ஐயர் வந்தார், தெளித்தார், போனார். தறி ஓடுகிறது. பின்னால் எனக்கும் கேட்டது.

“கேட்டுக்கினு இருக்க முடியுதாடி?”

“முடியுதுக்கா. நேத்து நின்னுச்சு இல்ல.”

மாமியார் பேசுவதில்லையாம். ஆனால் காலையில் ஒரு பந்து மல்லியை வாங்கி வந்து திரைக்குக் கீழே தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மனுஷியை என்ன செய்வது என்று தெரியவில்லை. கோபம் இன்னும் போகவில்லை எனக்கு. போகவும் வேண்டாம், கொஞ்ச நாள் இருக்கட்டும்.

பாமாயில் வாங்கியாயிற்று.

கார்த்திகை 19, வெள்ளி

மேகமூட்டம். முதலாளி போன். செவ்வாய்க்கிழமை புடவையைத் தறியிலிருந்து அறுத்துத் தந்தே ஆக வேண்டும். “ஆயிடும்ணா.”

போனை வைத்ததும் சொல்லிவிட்டேன். தீபா வீட்டுக்குக் கேட்ட நியாயத்தை என் வீட்டில் கேட்காமல் இருந்தால் எனக்கே வெட்கம்.

“திங்கக்கெழம நான் கோர்வைக்கு உக்கார மாட்டேன்.”

“ஏன்?”

“உக்கார மாட்டேன்.”

ஏன் என்று இரண்டாவது தரம் கேட்பார் என்று பார்த்தேன். என்ன நாள் என்று கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. “செவ்வாக்கெழம அறுக்கணும்” என்று மட்டும் சொன்னார், பாவைப் பார்த்துக்கொண்டே. பாவிடம் சொல்கிற மாதிரி.

கார்த்திகை 22, என் பெண் போன நாள். போன வருஷம் அன்றைக்கு உட்கார்ந்தேன். காலையில் ஆரம்பித்து விளக்கு வைக்கும் வரை. இவரும் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்றைக்குப் போட்ட கரையை யாரோ கட்டிக்கொண்டு கல்யாணம் செய்திருப்பார்கள். நன்றாக இருக்கட்டும்.

இந்த வருஷம் நடக்காது. அண்ணியைக் கூப்பிட்டு உட்காரவைப்பார், அதுதான் பழக்கம். விடமாட்டேன். கரை நாடாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மும்தாஜ் அக்கா கடைக்குப் போய்விடுவேன். தேடட்டும். கத்தினால் கத்தட்டும். என்ன சொல்ல வேண்டும் என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன். முதலில் எலி. ‘எலிக்கு நின்னுதே, எம் பொண்ணுக்கு நிக்காதா?’ அங்கிருந்து ஆரம்பித்தால் தாங்கமாட்டார்.

கார்த்திகை 21, ஞாயிறு

கூட்டத்தில் சொன்னேன், நாளைக்கு என் வீட்டில் என்று. டீச்சர் லீவு போட்டு வரட்டுமா என்றார். வேண்டாம், இது நானும் இவரும். அக்கா, “குமாரு தம்பி நல்ல மனுஷன், கொஞ்சம் பொறுமையா பேசு” என்றார். நல்ல மனுஷன்தான். அதனால்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஓரிக்கை ஆள் இன்று முதன்முதலாகப் பேசினார். எல்லோரும் கிளம்பிச் செருப்புப் போடும்போது. “எங்க ஊட்லயும் தறி ஓடுச்சுங்க. எனக்கு அன்னிக்கு என்னா பண்றதுன்னு தெரியல. அதான் உக்காந்தேன்.” அவர் பெண்டாட்டி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். யோசித்து என்ன. எனக்கும்தான் அன்றைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, உட்கார எனக்கு ஏது தறி.

கார்த்திகை 22, திங்கள்

வெயில். பளிச்சென்று.

சண்டைக்குத் தயாராக எழுந்தேன். தலைக்குக் குளித்தேன். பை எடுத்து வைத்தேன். நாடாவை எடுக்கத் தறிக்குப் போனால், தறி மேல் வெள்ளை வேட்டி. நன்றாக விரித்துப் போர்த்தியிருக்கிறது. பாவைத் தளர்த்திவிட்டிருக்கிறார். கோணியை எடுத்துவிட்டிருக்கிறார். சாவு வீட்டில் எப்படிச் செய்வோமோ அப்படி.

இவர் குளித்துவிட்டுச் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். டீகூடக் குடிக்கவில்லை.

எனக்கு வேறு ஒன்றும் வரவில்லை. தயார் செய்து வைத்ததுதான் வந்தது. “நான் கோர்வைக்கு உக்கார மாட்டேன்.”

“யாரு கூப்ட்டா?” என்றார்.

எலி, அமாவாசை, கவுன்சிலர் மாமனார், எல்லாம் வாயிலேயே நின்றுவிட்டது. யாரிடம் சொல்வது? பையைப் பிடித்துக்கொண்டு நடு வீட்டில் நின்றேன். இவ்வளவு நாள் சத்தம் நிற்க வேண்டும் நிற்க வேண்டும் என்றிருந்தேன். நின்றதும் வீடு தாங்கவில்லை. பக்கத்து வீட்டுத் தறி கேட்கிறது. ஃபேன் கேட்கிறது. அடுப்படியில் குழாய் சொட்டுவது கேட்கிறது. அப்படியே உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரியில்கூட இப்படி அழவில்லை, அங்கே நர்ஸ் திட்டுவாள் என்று பயம். இவர் கிட்டே வரவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. போதும் அழாதே என்று சொல்லவில்லை. அதற்கு நன்றி.

டீ போட்டேன். குடித்தோம். வெயில் வாசலிலிருந்து தறி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு வேலையும் இல்லாமல் இரண்டு பேரும் இப்படி உட்கார்ந்து எத்தனை நாள் ஆயிற்று.

போன். முதலாளி. இவர் எடுத்தார்.

“குமாரு, நாளைக்கு அறுத்துடுவ இல்ல?”

“இல்லண்ணா. இன்னிக்குத் தறி ஓடல.”

“ஏம்பா, குழில தண்ணியா?”

“இல்லண்ணா. சாவுத் தீட்டு.”

“ஐயையோ. யாருப்பா?”

“எம் பொண்ணு.”

“உனக்கு ஏதுப்பா பொண்ணு?”

இவர் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

“பொறந்தாண்ணா. நான்தான் தூக்கிக்கினு போனேன்.”